ராஜபாளையத்தில் ஒரு பிரெஞ்சுப் பஞ்சம்

எஞ்சினுக்கு ஏதோ கோளாறு என்று சொல்லி எங்கள் எல்லோரையும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறக்கிவிட்டார்கள். ராஜபாளையம் அடுத்த ஊர்தான். ஆனால் வண்டி எப்போது புறப்படும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வேப்பமர நிழலில் நின்றிருந்த குதிரைவண்டிக்காரர் என் தொப்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயாவுக்கு எந்த ஊரு?"

"பாண்டிச்சேரி."

"அது பிரெஞ்சுக்காரன் சீமையில்லா? அங்க அரிசி தாராளமாக் கெடைக்குமோ?"

இல்லை, அங்கும் தட்டுப்பாடுதான் என்றேன். அவருக்கு என்மேல் இருந்த அக்கறை அத்தோடு போயிற்று. பஸ் நிற்கும் இடம்வரை குதிரையோடுதான் பேசிக்கொண்டு வந்தார்.

எங்களைப் போன்ற பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இந்த பிரிட்டிஷ் பக்கம் வருவது அயல்நாட்டுப் பயணம்தான். பேச்சு ஒன்று, சாமி ஒன்று, சொந்தக்காரர்கள்கூட இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஆனாலும் எல்லையில் சுங்கச் சாவடி உண்டு, சோதனை உண்டு. இந்தத் தடவை பெட்டியைத் திறந்த சேவகர் என் வேட்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பிரெஞ்சு நாவலை எடுத்துப் புரட்டினார். எழுத்து புரியவில்லை. யுத்த காலம் அல்லவா, சந்தேகம்.

"என்ன புஸ்தகம்?"

"கதை."

"எதைப் பத்தி?"

"ஒரு பஞ்சத்தைப் பத்தி."

"இதுக்கா புஸ்தகம்?" என்று அதைத் திரும்பப் பெட்டியில் போட்டு மூடினார்.

ராஜபாளையத்துக்குக் கிளம்பிய பஸ் கரியில் ஓடுவது. பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய இரும்பு அடுப்பைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு, அந்தப் புகையின் வேகத்தில் வண்டியை ஓட்டுகிறார்கள். பாதி வழியில் ஒரு சின்ன மேடு வந்தது. மனிதன் நடந்தால் மேடு என்றே தெரியாது. பஸ் அதில் ஏற மறுத்து நின்றுவிட்டது. எங்கள் ஊரில் புஸ்புஸ் வண்டி என்று ஒன்று உண்டு. ஏறினவன் உட்கார்ந்திருப்பான், பின்னாலிருந்து ஒருவன் தள்ளுவான். இங்கே ஏறினவர்களே தள்ளினோம்.

தள்ளியும் நகரவில்லை. டிரைவர் கம்பியால் கரியைக் கிளறினார். மேற்கே மலை, நீலமாக, பக்கத்தில் இருப்பதுபோல் நின்றது. சாலையின் இரு புறமும் பருத்திக் காடு. என் பக்கத்தில் நின்று தள்ளிய இரண்டு பேர் நெசவாளர்கள் என்று அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது.

"நூலு வந்துச்சாலே?"

"எங்கிட்டு வருது? தறி குத்துக்கல்லா நிக்கி. மில்லுக்குள்ள பஞ்சு மலையாக் குமிஞ்சு கெடக்கு. நூலு எங்க போகுதுன்னுதான் தெரியல."

"பட்டாளத்துக்கு."

"பட்டாளத்துக்காரன் அம்புட்டு நூலையும் என்ன செய்தான், திங்கானா?"

இருவரும் சிரிக்கவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு ஊரை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். நான் பெட்டியோடு அடுப்பின் பக்கத்தில் நின்று, கரிப்புகையில் இருமிக்கொண்டிருந்தேன்.

எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவன். அந்த நாவலைப் பல வருஷங்களாக மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்திவருகிறேன். கதை பழைய காலத்து பிரான்ஸில், ஒரு சிற்றூரில் நடப்பது. பஞ்ச வருஷம். ராஜாவின் உத்தரவுப்படி ஊர்க் களஞ்சியத்தைப் பூட்டிச் சாவியை நீதிபதி வைத்திருக்கிறார். அவருடைய தங்கை ஒருநாள் அந்தச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிடுகிறாள். ஊர் சாப்பிடுகிறது. அவளை விசாரிக்க வேண்டியவர் அண்ணன். அவர் சட்டப்படி மரணதண்டனை விதிக்கிறார். அதன்பின் நெடுங்காலம் உயிரோடு இருக்கிறார். கடைசி அத்தியாயம் முழுவதும் அந்த வீட்டில் அவர் தனியாக இருப்பதுதான். ஒன்றுமே நடக்காது. படித்து முடித்தால் இரண்டு நாள் சோறு இறங்காது.

என் மனைவி லூர்து நோயாகப் படுத்திருந்தபோது சாயங்காலங்களில் அவளுக்கு இந்தக் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவளுக்கு பிரெஞ்சு தெரியாது. விசாரணை நடக்கும் இடம் வந்ததும் கண்ணை மூடியபடியே கேட்டாள்: "தங்கச்சிக்குத் தீர்ப்புச் சொல்ல வந்தவரு காலையில சாப்பிட்டுட்டா வந்தாரு?" புத்தகத்தில் அது இல்லை. எழுதினவருக்குத் தோன்றவில்லை. கடைசி அத்தியாயத்துக்கு நாங்கள் போய்ச் சேரவில்லை. அதற்குள் அவள் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் சென்னையிலிருந்து சேஷாத்ரி என்ற டாக்கி டைரக்டர் கடற்கரைக் காட்சி எடுக்கப் பாண்டிச்சேரி வந்தார். பேச்சுவாக்கில் கதையைச் சொன்னேன். நாயக்கர் காலத்துக் கதையாக மாற்றி எழுதித் தரும்படி கேட்டார். நீதிபதி தளவாய் ஆனார். சிற்றூர் கோட்டை ஆனது. நான் எழுதியதில் பாதி, லூர்துக்குச் சொன்ன தமிழ். அவள் கேட்ட கேள்வியைத் தங்கையின் வாயில் வைத்தேன். விசாரணையில் நிற்கும் அவள் தளவாயைப் பார்த்து, "அண்ணா, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தீர்களா?" என்று கேட்பாள். படத்தின் உயிர் அந்த ஒரு வரியில் இருப்பதாக நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பணம் போட முன்வந்தவர் ராஜபாளையத்துக்காரர். பருத்தி அரைக்கும் ஆலை, வயல், மாந்தோப்பு எல்லாம் உள்ளவர். ஊரே அவரை முதலாளி என்றது. பெரிய கூட்டக் காட்சியைத் தன் ஊரிலேயே எடுக்கலாம், மலை இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். வசனத்தில் சில திருத்தம், உடனே வரவும் என்று தந்தி வந்தது. வந்தேன்.

பஸ் ஒருவழியாக ஊர் சேர்ந்தது. மறுநாள் காலை முதலாளி வீட்டில் சாப்பாடு. "ரண்டி, ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்றுவிட்டுத் தமிழுக்கு மாறினார். தாட்டியான மனிதர். குரல் மட்டும் மெல்லியது. இலை நிறைய இட்லியும் கோழிக் குழம்பும் போட்டார்கள். எங்கள் ஊரில் காலையில் ரொட்டிக்கடை வாசலில் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு துண்டு வாங்கிப் பழகியவன் நான். வெட்கத்தோடு சாப்பிட்டேன். தூணோரம் ஒரு வெள்ளை நாய், ரோஜா நிற மூக்கு, கன்றுக்குட்டி உயரம், எங்களைக் கண்டுகொள்ளாமல் படுத்திருந்தது.

"கதை நல்ல கதை, சார்வாள்" என்றார் முதலாளி. "ராத்திரி என் சம்சாரத்துக்குப் படிச்சுக் காட்டினேன். அழுதுட்டா. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. பஞ்சத்தைப் பார்க்கவா ஜனங்க டிக்கெட் வாங்கி வருவாக? அதுதான் அவுக வீட்லயே இருக்கே."

"அதனால்தான் வருவார்கள் என்று நினைக்கிறேன்" என்றேன்.

"அது உங்க பிரெஞ்சுச் சீமையில. இங்க கடைசியில மழை பெய்யணும். அம்மன் வரணும். அந்தப் பிள்ளை சாகக் கூடாது. அதை மட்டும் மாத்திக் குடுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேஷாத்ரியைப் பார்த்தேன். அவர் தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பிலிம் கிடைக்கலை, ஸார். யுத்தம். படத்தோட நீளத்துக்கே சர்க்கார் எல்லை போட்டுட்டா. விசாரணை முழுசா எடுத்தா எனக்குப் பாட்டுக்கு இடமில்லை. விசாரணை நடக்கும்போதே மழை வந்துட்டா ரெண்டு பிரச்சினையும் தீர்ந்துடும்."

"அப்படியானால் அந்த வரி?"

"எந்த வரி?"

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே யோசித்தார். "நல்ல வரிதான். ஆனா அதுக்கு முன்னாடியே மழை வந்துடறதே" என்றார்.

பிற்பகல் முழுவதும் முதலாளி வீட்டு மாடியில் உட்கார்ந்து அம்மனும் தங்கையும் பேச வேண்டியதை எழுதினேன். மறுத்திருந்தால் வேறு யாரோ எழுதியிருப்பார்கள். தங்கையாக நடிக்கவிருந்த சௌந்தரவல்லி, நாடகக் கம்பெனியில் பல வருஷம் ராணி வேஷம் போட்டவள், எழுதியதை வாங்கிப் படித்தாள். "இந்த வசனத்தை நான் ஏழு நாடகத்துல பேசிட்டேன்" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

களஞ்சியக் காட்சியை அடுத்த நாள் எடுத்தார்கள். சேத்தூர் போகும் சாலையில் முதலாளி பஞ்சு சேர்த்துவைக்கும் கிட்டங்கி. அதன் முகப்பில் மூங்கிலும் சுண்ணாம்பும் கொண்டு நாயக்கர் காலத்து வளைவு ஒன்றைக் கட்டி, யாளி எல்லாம் வைத்திருந்தார்கள். பத்தடி தள்ளி நின்றால் கல் என்றே சொல்லலாம். தொட்டால் கையில் வெள்ளை ஒட்டும்.

கூட்டம் விடியும்போதே வந்துவிட்டது. ஆண், பெண், கிழவர், கிழவி. தறி நின்றுபோன தெருக்களிலிருந்து மேஸ்திரி திரட்டிக்கொண்டு வந்தவர்கள். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோருக்கும் கஞ்சி என்று சொல்லியிருந்தார்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்களைப் போல முகத்தில் பூச, ஒப்பனைக்காரர் சென்னையிலிருந்து ஒரு சாம்பல் நிறச் சாந்து கொண்டுவந்திருந்தார். வரிசையாக நின்றவர்களைப் பார்த்துவிட்டு டப்பாவைத் திறக்காமலே வைத்துவிட்டார்.

சேஷாத்ரி அந்த வரிசையில் நடந்துகொண்டே வந்தவர் ஒரு பெண்ணின் எதிரில் நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கன்னம் ஒட்டி, கண் பெரிதாக, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. "இந்த முகம்தான்" என்றார் காமிராக்காரரிடம். சிலுவையைச் சேலைக்குள் விடச் சொன்னார்கள்.

காமிராவைச் சரிசெய்யும்வரை அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"ஞானப்பிரகாசம்னு சொன்னாக. நீங்களும் வேதக்காரவுகதானா?"

"ஆமாம் அம்மா. உங்கள் பெயர்?"

"சவரியம்மா. அந்தா நிக்காகல்ல, துண்டைத் தலையில கட்டிக்கிட்டு, அவுகதான் எங்க வீட்டுக்காரவுக. அந்தோணின்னு பேரு. மூணு மாசமா தறி ஓடலை." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இது என்ன கதைங்க?"

சொன்னேன். நான் எழுதியதை அல்ல, புத்தகத்தில் உள்ளதை. கவனமாகக் கேட்டாள்.

"அந்தத் தேசத்துலயும் பஞ்சம் வந்துச்சா? வெள்ளைக்காரவுகளுக்குமா?"

"அவர்களுக்கும்தான்."

"பாவம்" என்றாள். சற்றுப் பொறுத்து, "கஞ்சி நெசமா ஊத்துவாகளா, இல்ல அதுவும் நடிப்பா?" என்று கேட்டாள்.

நிஜம்தான், பின்னால் அண்டா கொதிக்கிறது என்று காட்டினேன். அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அதிகம் பார்க்கக் கூடாது என்பதுபோல.

ஒத்திகைக்கு மூட்டைகளில் உமியை நிரப்பியிருந்தார்கள். படம் பிடிக்கும்போது உமி காட்டிக்கொடுத்துவிடும், நெல் விழுகிற மாதிரி விழாது என்று சேஷாத்ரி பிடிவாதமாக இருந்தார். முதலாளி தாலுகா ஆபீசுக்கு நடந்து, தனி அனுமதி வாங்கி, சொந்தக் களத்து நெல்லில் சில மூட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கினார். ஒரு மரக்கால் குறைந்தாலும் அவர் பதில் சொல்லியாக வேண்டும். யுத்த காலத்தில் நெல்லெல்லாம் சர்க்கார் கணக்கில் இருந்தது. அவருடைய காவல்காரர்கள் கம்போடு மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்து நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள இரண்டு போலீஸ்காரர்களும் வந்திருந்தார்கள்.

சேஷாத்ரி ஒலிபெருக்கியை வைத்துவிட்டு நேராக வந்து சவரியம்மாளுக்குத் தனியாகச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"கதவு திறந்ததும் எல்லாரும் ஓடுவா. நீயும் ஓடணும். மடியில நெல்லை அள்ளிக்கோ. அப்புறம் இந்தக் கல்லுக்கிட்ட வந்து நின்னுடு. மத்தவா எங்கே ஓடினாலும் நீ ஓடாதே. காமிராவையே பார்த்துண்டு நில்லு. நான் போதும்னு சொல்றவரைக்கும் அசையக் கூடாது. புரியறதா?"

"புரியுதுங்க. நீங்க சொல்றவரைக்கும் அசைய மாட்டேன்."

கதவு திறந்தது. கூட்டம் சொன்னபடி கத்திக்கொண்டு ஓடியது. முன்னால் போனவர்கள் மூட்டையை இழுத்தார்கள். ஒரு மூட்டை சரிந்து, வாய் பிரிந்து, நெல் மஞ்சளாகக் கொட்டியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அதன்பின் கூட்டத்தின் கத்தல் நின்றுவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. யாரும் கத்தவில்லை, யாரும் நடிக்கவில்லை. முந்நூறு பேரும் குனிந்து, வாய் பேசாமல், வேகவேகமாக அள்ளினார்கள். வேட்டியில், முந்தானையில், தலைத்துண்டில், வெறும் வாயில்கூட. பின்னால் வந்தவர்கள் முன்னால் கிடந்தவர்கள்மேல் ஏறினார்கள். சுண்ணாம்பு வளைவு ஆடி, யாளியோடு சேர்ந்து சரிந்தது.

காவல்காரர்கள் கம்பை வீசினார்கள். போலீஸ்காரர் ஊதலை ஊதினார். கஞ்சி அண்டா கவிழ்ந்து மண்ணில் ஓடியது. கூட்டம் பருத்திக் காட்டுக்குள் நாலாபுறமும் சிதறி ஓடியது. காமிராக்காரர் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

புழுதி அடங்கியபோது, கல்லின் பக்கத்தில் சவரியம்மாள் நின்றிருந்தாள். மடி நிறைய நெல். நெற்றியில் எங்கோ பட்ட அடியிலிருந்து ரத்தம் புருவத்துக்கு இறங்கியிருந்தது. துடைக்காமல், காமிராவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "போதும்" என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

போலீஸ்காரர் வந்து அவள் கையைப் பிடித்தார். அப்போதுதான் சேஷாத்ரிக்கு ஞாபகம் வந்து, "கட், கட்" என்றார்.

அந்தோணி காட்டிலிருந்து திரும்பி ஓடிவந்தான். ஓடினவர்கள் எல்லோரும் தப்பிவிட்டார்கள். நெல்லோடு பிடிபட்டது அவள் ஒருத்திதான்.

நான் நேராக முதலாளியிடம் போனேன். கிட்டங்கி வாசலில் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். சிந்திய நெல்லைப் பெருக்கி எடுத்தும் இரண்டு மூட்டைக்குமேல் குறைந்தது.

"டைரக்டர் சொல்லித்தான் அவள் அங்கே நின்றாள். நீங்களே பார்த்தீர்கள்."

"பார்த்தேன் சார்வாள்."

"அப்படியானால் புகார் கொடுக்காதீர்கள்."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் என்ன, ஆசைப்பட்டா குடுக்கேன்? நெல்லு எங்கேன்னு நாளைக்குத் தாலுகாவுல கேப்பாக. களவு போச்சுன்னு நான் சொல்லலேன்னா, நானே வெளியில வித்துட்டேன்னு ஆகும். பதுக்கல் கேஸு. அந்தப் பொம்பளைக்குக் கொஞ்ச நாள்தான் கெடைக்கும். எனக்கு ஆலையே போயிரும். ஆலையில எத்தனை பேர் சாப்பிடுதாகன்னு யோசிங்க."

யோசித்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என்னை மண்ணில் அழுத்தியது.

சேஷாத்ரி அன்றைக்கே பிலிம் பெட்டிகளோடு சென்னைக்குப் புறப்பட்டார். வெயிலில் வைத்திருந்தால் பிலிம் கெட்டுவிடுமாம். சாட்சி சொல்ல இருங்கள் என்று கெஞ்சினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படி ஒரு காட்சியை இந்த தேசத்துல யாரும் எடுத்ததில்லை, ஸார்" என்றார். கண்ணில் நீர் இருந்தது. எதற்கான நீர் என்று எனக்குத் தெரியவில்லை. படம் வந்தபின் எனக்கு எழுதினார். மதுரையில் நன்றாக ஓடுகிறதாம். களஞ்சியக் காட்சியில் ஜனங்கள் கை தட்டுகிறார்களாம். நான் பார்க்கவில்லை. பார்க்கப்போவதும் இல்லை.

கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில். அந்தோணியும் நானும் பஸ்ஸில் போனோம். அன்றைக்குப் பஸ் ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடியது. சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டோம். கோபுரம் எந்தத் தெருவில் திரும்பினாலும் முன்னால் வந்து நின்றது. எங்கள் ஊரில் கடல் அப்படி, எந்தத் தெருவின் முனையிலும் தெரியும். கோயில் பக்கத்துக் கடையில் பால்கோவா கிண்டும் வாசனை. சர்க்கரை கிடைக்காததால் இந்த வாரம் இன்றுதான் அடுப்பு மூட்டியிருப்பதாகக் கடைக்காரர் சொல்லி, இலையில் ஒரு துளி வைத்து ருசிபார்க்கக் கொடுத்தார். அந்தோணி வேண்டாம் என்று தலையாட்டினான். நான் வாயில் போட்டுக்கொண்டேன். நல்ல ருசி. அதைச் சொல்லத்தான் வேண்டும், நல்ல ருசி.

மாஜிஸ்திரேட் வயதானவர். ஜலதோஷம் போலிருந்தது, கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. என்னை மரியாதையாகக் கூப்பிட்டு, சொல்வதை எல்லாம் சொல்லவிட்டார். நடித்துக்கொண்டிருந்தாள், நிற்கச் சொன்னதால் நின்றாள், மடியில் அள்ளச் சொன்னதும் டைரக்டர்தான் என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"இவர் சொல்றது நிஜமா?"

"நெசந்தாங்க."

"படம் எடுத்து முடிஞ்சதும் நெல்லைத் திரும்பக் கொட்டியிருப்பியா?"

நான் அவளையே பார்த்தேன். அந்தோணியும் பார்த்தான். ஒரே ஒரு சொல் போதும். அவள் சிலுவையைச் சேலைக்கு வெளியே எடுத்துவிட்டிருந்தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"இல்லைங்க. வீட்டுக்குத்தான் கொண்டு போயிருப்பேன்."

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்தார். இன்னொரு தடவை, மெதுவாக, வேறு மாதிரி பதில் சொல்ல அவளுக்கு இடம் கொடுத்துக் கேட்டார். அவர் அப்படிக் கேட்டிருக்க வேண்டியதே இல்லை. அவள் அதே பதிலைச் சொன்னாள். இரண்டு மாதம் என்று எழுதினார். தலையை நிமிர்த்தாமலே அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

"எம்புட்டு?" என்று அவள் போலீஸ்காரரைக் கேட்டாள். அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

கோபப்பட ஒரு ஆளாவது அகப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். முதலாளிமேல் கோபப்பட்டுப் பார்த்தேன், சேஷாத்ரிமேல், அந்த ஜலதோஷக்காரர்மேல். ஒருவர்மேலும் நிற்கவில்லை. வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றபோது அந்தோணி கேட்டான்: "அவ ஏன் சார் அப்படிச் சொன்னா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். "பொய் சொல்லியிருக்கலாம்லா?" என்றான். சொல்லியிருக்கலாம் என்றேன். அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

அவளை மதுரை ஜெயிலுக்குக் கொண்டுபோனது நான் ஊர் திரும்பிய அதே ரயிலில். ஒரே பெட்டியில் ஏறிக்கொண்டேன். போலீஸ்காரர் தடுக்கவில்லை. அவரும் மெலிந்துதான் இருந்தார். அந்தோணி பிளாட்பாரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீட்டில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணி விடணும், கோயிலுக்குப் போனால் மெழுகுவர்த்தி ஏற்றணும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வண்டி நகர்ந்ததும் அவன் கம்பியை விட்டான். கூட ஓடிவரவில்லை.

ரயில் ஏறுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. நெற்றிக் காயம் கறுத்து உலர்ந்திருந்தது. சிவகாசி தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கரிசல் காடு, பனை, எங்கோ ஒரு ஏற்றம். "மலை நம்ம கூடவே வருதே" என்று ஒரு தடவை சொன்னாள். விருதுநகரில் வண்டி மாறினோம். வடை வாங்கி மூவரும் சாப்பிட்டோம். அவள் மெதுவாக, கையைக் குவித்து, துகள் கீழே விழாமல் சாப்பிட்டாள். அதன்பின் மலை தெரியவில்லை.

மதுரையில் வெயில் சாய்ந்திருந்தது. போலீஸ்காரர் எழுந்து, அவளை முன்னால் இறங்கச் சொன்னார். எனக்கு அதே வண்டியில் மேலே போக வேண்டும். கதவு வரைக்கும் போனேன். பிளாட்பாரத்தில் இறங்கியவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எம்புட்டோ தூரத்துலருந்து எங்க ஊருக்கு வந்தீக. ஒரு வாய் காப்பித்தண்ணி போட்டுக் குடுக்க முடியாமப் போச்சு. மனசுல வச்சுக்கிடாதீக."

"பரவாயில்லை அம்மா" என்றேன்.

"போயிட்டு வாங்க" என்றாள்.

போலீஸ்காரர் நடக்கச் சொன்னார். நடந்தாள்.